வாலில்லாமலும் ஒட்டியது

"உங்க குமிழி அழுக்கு. அதான் என் தட்டு போய் ஒட்டுது."

"என் குமிழியைச் சொல்லாதே. உன் தட்டுல வால் இருக்கான்னு முதல்ல பாரு."

ஆய்வகக் கதவு மூடித்தான் இருந்தது. ஆனாலும் வெளியே காப்பி இயந்திரத்தருகே நின்ற எங்களுக்கு ஒரு வார்த்தை தப்பவில்லை.

அவள் பின்னல்காரி, முதல் கல்யாணம் முறிந்து தனியாக இருப்பவள். டி.என்.ஏ இழைகளை மடித்துப் பின்னி, கண்ணுக்கே தெரியாத குட்டித் தட்டுகள் செய்வாள். அவர் குமிழ்க்காரர். உயிரணுவின் தோல் போலவே கொழுப்பில் குமிழி செய்வார். அவர் இங்கே வந்து மூன்றே மாதம், அதற்குள் அவளை "நீ, வா, போ" என்கிற மரியாதை.

தட்டுக்குக் கொலஸ்டிரால் வால் வைத்தால், வால் குமிழியின் கொழுப்பில் செருகிக்கொள்ளும், தட்டு ஒட்டும். வாலில்லாத தட்டு ஒட்டக்கூடாது. இதை இந்த வாரத்துக்குள் காட்டாவிட்டால் பின்னல்காரிக்கு வேலை நீடிக்காது என்று ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார். வாலில்லாததோ சமர்த்தாகப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

குழாயை மாற்றினாள். ஒட்டியது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புதுக் குமிழி செய்தார். இன்னும் ஒட்டியது. கழுவும் கரைசலை ஊற்றி ஊற்றிக் கழுவினாள். அட்டை மாதிரி ஒட்டியது.

"எல்லாத்துலயும் உனக்கு அவசரம்."

"நீங்க ஒரு வாட்டியாவது தப்பை ஒத்துக்கிட்டிருக்கீங்களா? எத்தனை வருஷமா பாக்கறேன்."

மூன்று மாதம் எப்போது வருஷமானது? கோபத்தில் கணக்குத் தப்பும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் சாப்பாட்டு வேளை. நுண்ணோக்கியைப் பராமரிக்கும் அம்மாள், யாருமில்லை என்று நினைத்து உள்ளே போயிருக்கிறார். கழுவும் கரைசல் பாட்டிலுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். இருவர் கையிலும் மக்னீசிய உப்பு.

"என்ன பண்றே?"

"உப்பு குறைஞ்சா உங்க குமிழி வெடிச்சிடுமேன்னு தினம் கொஞ்சம் விடறேன். நீங்க?"

"உப்பு குறைஞ்சா உன் தட்டு பிரிஞ்சிடுமே. நானும் தினம்தான்."

தானாக ஒட்டாத இரண்டுக்கும் நடுவே அளவுக்கு மீறிய மக்னீசியம் புகுந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறது. புதுக் கரைசலில் உப்பை அளவாக, ஒருவரே கலந்தார். வால் உள்ளது ஒட்டியது. இல்லாதது மிதந்து போனது. பின்னல்காரியின் வேலையும் தப்பியது.

எங்களுக்கு அதுவா முக்கியம்? ஒளித்து ஒளித்து உப்புப் போட்டது தெரிந்த அன்றே, இது கல்யாணத்தில்தான் முடியும் என்று சொல்லிவிட்டோம். சொன்னபடியே ஆறு மாதத்தில் அழைப்பு வந்தது. கண்டுபிடித்த பெருமையோடு முன்வரிசையில் உட்கார்ந்தோம்.

எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்ட, கல்யாணப் பெண்ணின் தங்கையிடம், கொஞ்சம் அனுதாபமாகவே சொன்னோம்: "பாவம், முதல் கல்யாணம்தான் உங்கக்காவுக்குச் சரியா அமையல. இந்தத் தடவையாவது நல்ல மாப்பிள்ளை கிடைச்சாரே."

"போன தடவையும் இவர்தாங்க."