ஒரு கண்ணுக்கு இரண்டு வாளி

"வேண்டாம்யா, நான் இறங்கிக்கிடுதேன்" என்று சொர்ணத்தாய் ஆபரேஷன் மேசையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் பாலகணேஷுக்குப் பகீரென்றது. கோவில்பட்டியில் அந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து ஒரு விஷயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. புரை எடுக்கும் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வாளி குப்பை. அன்றுதான் துணிந்து, ஒருமுறை போர்த்திவிட்டு எறியும் போர்வைக்குப் பதிலாக, ஆவியில் சுத்தம் செய்த துணிப் போர்வையைப் போர்த்தினார். பாதிகூடக் காலியாகாத சொட்டு மருந்தையும் எறியவில்லை. "சனங்க ஒத்துக்கிட மாட்டாங்க" என்று பெரிய டாக்டர் சொல்லித்தான் இருந்தார்.

சொர்ணத்தாய்க்கு விளாத்திகுளம் பக்கம் மிளகாய்க் காடு. பழம் எது, காய் எது என்று தெரியாமல் பறிக்கிற அளவுக்குப் புரை முற்றியிருந்தது. தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும்.

"துணி பழசுன்னு யோசிக்கீங்களாம்மா?"

"அதெல்லாம் இல்லய்யா."

இருக்கிறது என்றுதான் அவருக்குப் பட்டது. "சுதா, புதுசே போடும்மா."

நர்ஸ் சுதாராணி சர்ரென்று ஒரு புதுப் பொட்டலத்தைக் கிழித்தாள். சொர்ணத்தாய் ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"மருந்தும் புதுசு உடை. அம்மா கண்ணு முன்னாலேயே உடை."

பழைய புட்டி வாளியில் விழுந்தது. சொர்ணத்தாய் மறு காலையும் வைத்தாள்.

"இந்தா பாருங்கம்மா, என் உடுப்பு, கையுறை எல்லாத்தையும் மாத்திட்டேன்."

வாளி நிரம்பி வழிந்தது. சுதாராணி இன்னொரு வாளி கொண்டுவந்தாள். சொர்ணத்தாயின் கண்ணில் பொலபொலவென்று நீர்.

"பயமா இருந்தா என் கையப் பிடிச்சுக்கிடுங்கம்மா."

அவள் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீ நல்லா இருப்பய்யா. எங் கண்ணு இப்படியே இருந்துட்டுப் போவட்டும்." கதவைத் தடவித் தடவி வெளியே போய்விட்டாள்.

பெரிய டாக்டர் சொன்னதுதான் சரி என்று மனசு விட்டுப்போய், பின்னாலேயே வந்தார் பாலகணேஷ். வெளியே, கணவர் சிவனாண்டியின் காதில் அவள் ஏதோ சொல்லி விசும்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் புதுசாவே மாத்திட்டேன். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

சிவனாண்டி சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"மொதல்ல பயத்துலதான் எந்திரிச்சிருக்கா. பெறவு நீங்க மாத்துனதுதான்யா வினை. 'ஒரு கண்ணுக்காவ இம்புட்டையும் குப்பையில கொட்டுதாவளே, அந்தப் பழைய துணியே போதும்னு டாக்டரய்யாகிட்ட பக்குவமாச் சொல்லுங்க'ன்னு அழுவுதா."