தோட்டத்தில் ஒரு கணப்பு மேசை

"கிழங்கை நட்டாச்சாங்க?" என்று தொலைபேசியில் கேட்டாள் மனைவி மிசாவோ.

"நட்டாச்சு, நட்டாச்சு" என்றார் தொகுஜி. லில்லிக் கிழங்குப் பெட்டி அவர் காலடியில்தான் இருந்தது. மரத்தூளுக்குள் கிழங்குகள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"முனை மேல பார்க்க வச்சீங்களா? போன வருஷம் மாதிரி தலைகீழா இல்லையே?"

"மேல பார்த்துத்தான் இருக்கு."

அதில் பொய் இல்லை. பெட்டியில் அப்படித்தான் இருந்தன.

"எங்கம்மா வச்ச லில்லி. இதுவும் போச்சுன்னா நான் சப்போரோவுல பொண்ணு வீட்டோடயே இருந்துக்கறேன், சொல்லிட்டேன். நாளைக்குச் சாயங்கால வண்டியில வர்றேன்."

போனை வைத்ததும் தொகுஜிக்கு வியர்த்தது. வெளியே மூக்குச்சளி உறையும் குளிர்.

இலை உதிரும்போதே நட்டிருக்க வேண்டும். நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளினார். ஹொக்கைடோவில் அப்படித் தள்ளினால் குளிர்காலத்தில் போய்த்தான் முட்ட வேண்டும். அதிலும் இந்த வருஷம் பனி பெய்து மண்ணைப் போர்த்தவில்லை. வெறும் குளிர் மட்டும் இறங்கி மண்ணை இரும்பாக்கிவிட்டது. கடப்பாரையைப் போட்டார். ணங்! மண்ணில் ஒரு கீறல் இல்லை. தோள்பட்டைதான் கழன்றுகொண்டது.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார். அடுத்த அண்டா காய்வதற்குள் முதலில் ஊற்றியது கண்ணாடியாக உறைந்திருந்தது. அண்டாவோடு வந்தவர் அதில் கால் வைத்து, மல்லாந்து, வழுக்கிக்கொண்டே போய் வேலியில் நின்றார்.

வைக்கோலைக் குவித்துத் தீ வைத்தார். புகையைக் கண்ட பக்கத்து வீட்டு ஹருயோ, ஊர்த் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டாள். படை என்றால் நாலு கிழவர்கள். வருஷம் தவறாமல் பயிற்சி எடுத்தும் ஒரு தீயைக்கூடக் கண்ணால் பார்க்காத ஏக்கம் அவர்களுக்கு. பீய்ச்சித் தள்ளினார்கள்.

"போதும்யா! எப்பவோ அணைஞ்சு போச்சு!"

"குழாயில இன்னும் தண்ணி இருக்கே, தொகுஜிசான்" என்றார் படைத்தலைவர் கென்சோ. "வீணாக்கலாமா?"

தோட்டம் முழுக்கச் சறுக்கு மைதானமானது.

கடைசியில் தொகுஜி வீட்டுக்குள் போய்க் கணப்பு மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பலகைக்கு அடியில் மின்கணப்பு, மேலே நாலு பக்கமும் தொங்கும் மெத்தைப் போர்வை. குளிர்காலம் வந்தால் ஊரே காலை நீட்டிக் கிடக்கும் குட்டை மேசைதான். அதை ஐஸ் மேல் வைத்து, வீட்டிலிருந்து வயரை இழுத்து விட்டார்.

"யாருக்கு இது?" என்றாள் ஹருயோ.

"மண்ணுக்கு."

"பாவம், மண்ணு தனியாவா குளிர் காயுது?" என்று ரப்பர் பூட்ஸோடு காலை உள்ளே விட்டாள்.

கென்சோ விட்டார். படையே விட்டது. ஆரஞ்சுக் கூடை வந்தது, தேநீர்க் கெட்டில் வந்தது.

"காலை எடுங்கய்யா, தோண்டணும்!"

"மெத்தையத் தூக்காதீங்க, சூடு போவுது! மண்ணு இன்னும் இளகல. இப்பத்தான் குதிகாலால அமுக்கிப் பார்த்தேன்" என்றார் கென்சோ.

மறுநாள் காலையில் தொகுஜி எழுந்து வருவதற்கு முன்பே எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். ஒருவர் குறையவில்லை, புதிதாக இருவர் கூடியிருந்தார்கள்.

வண்டி வரும் நேரம் நெருங்கியது. இனிக் கெஞ்சிப் பயனில்லை என்று கைக்கொத்தோடும் பெட்டியோடும் தொகுஜி மெத்தைக்குள் புகுந்தார். பூட்ஸ் காடு. நடுவில் மண் களிபோல இளகிக் கிடந்தது. சாண் ஆழம் தோண்டி, அடியில் மணல் போட்டு, முனை மேலே பார்க்க ஒவ்வொன்றாக வைத்தார்.

"யோவ்! அது என் பூட்ஸ்! அதை ஏன்யா மண்ணு போட்டு மூடறீங்க?"

"அசையாம இருங்க, கென்சோசான்! குழி சரியுது!"

கடைசிக் கிழங்கை மூடிவிட்டுச் சேறு அப்பிய தலையை வெளியே நீட்டினார். வாசலில் மிசாவோ, கையில் பையோடு.

"நட்டாச்சு!" என்று கத்தினார் தொகுஜி. முதல் தடவையாக நிஜம்.

மிசாவோ ஹருயோவின் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கினாள். "அம்மாவோட லில்லிக்கு இடம் குடுத்தியே, ரொம்ப நன்றி. நான் ஊருக்குக் கெளம்பற அன்னிக்கே உன் தோட்டத்துல நட்டுட்டுப் போனதாலதான் நிம்மதியாத் தூங்கினேன்."

"அப்ப... இங்க நட்டது?"

"புதுவருஷத்துக்குச் சமைச்சுத் தின்ன வாங்கின லில்லிக் கிழங்கு. நட்டாச்சான்னு கேட்டதெல்லாம் நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்கத்தான். அம்மா லில்லியை உங்களை நம்பியா விட்டுட்டுப் போவேன்?"

தொகுஜி மெல்லத் திரும்பி மேசையைச் சுற்றிப் பார்த்தார். திடீரென்று எல்லோருக்கும் ஆரஞ்சு உரிக்கும் வேலை வந்துவிட்டது.

"உங்க எல்லாருக்கும் தெரியுமா? தெரிஞ்சும் ஏன்யா ஒரு வார்த்தை சொல்லல?"

படையிலேயே மூத்தவர் உமெகிச்சி. இரண்டு நாளாக வாயே திறக்காத மனுஷர். அவர் மெத்தையை இடுப்பு வரை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்:

"சொல்லியிருந்தா மேசையை உள்ள தூக்கிட்டுப் போயிருப்பீங்களே."