கம்பின் மேல் தப்பில்லை

உசத்தி மாமா என்கிற பேர் முதன்முதலில் என் காதில் விழுந்தது ஒரு பிள்ளைத் தொட்டில் பக்கத்தில். என் ஓரகத்திக்கு மூன்று தங்கைகள். மூத்தவள் வாயாலேயே காலத்தை ஓட்டினவள், கடைசிக்காரி கடிதாசுகூடப் போடாதவள், நடுவிலவள் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற நர்ஸ். அந்த நடுவிலவளுக்குப் பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த அன்று பார்க்கப் போயிருந்தோம். புதுத் தொட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிள்ளை தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு உருண்டு கிடக்கிறது. எல்லாரும் தொட்டிலைத் திட்டுகிறோம். பிள்ளையைப் பெற்ற மனிதர் என்ன சொன்னார் தெரியுமா?

"தொட்டிலை ஒண்ணும் சொல்லாதீங்க. அது உசத்தி சாமான். பிள்ளைதான் ஒரு பக்கமா வெயிட்டைப் போடுது."

பிறந்து ஒன்பது நாள் ஆன பிள்ளை! "சரிதான் உசத்தி மாமா" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பேரைக் கேட்டால் இன்றைக்கு அவருடைய பெண்டாட்டியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவாள்.

இப்படி ஓர் இனம் உண்டு. அதிக விலை கொடுத்து ஒரு சாமானை வாங்கிவிட்டு, வாங்கின நிமிஷத்திலிருந்து அந்தச் சாமானுக்கு வக்கீலாகப் போய்விடுகிற இனம். செருப்பு கடித்தால் காலைத் திட்டுவார்கள். குடை ஒழுகினால், இந்த ஊர் மழைக்கு நேராகப் பெய்யத் தெரியவில்லை என்பார்கள். கைக்கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால் போனால், பஸ் சீக்கிரம் வந்துவிட்டது என்று டிரைவரோடு சண்டைக்கு நிற்பார்கள். மட்டமான சாமான் உடைந்தால் நாம் கடைக்காரனைத் திட்டுவோம். உசத்தி சாமான் உடைந்தால் இவர்கள் தங்களையே திட்டிக்கொள்வார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

மாமாவுக்கு வேலை பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில். கண்ணாடிக் குழாய், கண்ணாடிக் குடுவை, கண்ணாடித் தட்டு. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்குவார். முப்பத்தொரு வருஷம். ஒன்றே ஒன்றுகூட அவர் கையால் உடைந்தது கிடையாது. ரிட்டயர் ஆன அன்றைக்கு ஹெட்மாஸ்டர் அதைத்தான் மேடையில் சொன்னார். "இந்தக் கையைப் பாருங்கள்" என்று அவர் கையைத் தூக்கிப் பிடித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தப் பெருமை ஒன்றுதான் அவர் சம்பாதித்தது என்றுகூடச் சொல்லலாம்.

கையில் வந்த பணத்தில் மனிதர் ஒரு தூண்டில் கம்பு வாங்கினார்.

சாதாரணத் தூண்டில் இல்லை. கொக்கியில் புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து தூங்குகிற சமாசாரமே இல்லை இது. நுனியில் இறகும் நூலும் வைத்துக் கட்டின பொய் ஈ ஒன்று இருக்கும். கம்பைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசி, அந்த ஈயைத் தண்ணீர்மேல் நிஜ ஈ மாதிரி உட்கார வைக்கவேண்டும். மீன் அதை நம்பவேண்டும். மீன் நம்பினதோ இல்லையோ, மாமா நம்பினார். கம்பு நாலு துண்டாக வரும். ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகி நீளமாக்க வேண்டும். கார்பன் கம்பு, தக்கைக் கைப்பிடி, வெல்வெட் பை, பைக்கு ஒரு தகரக் குழல், குழலுக்கு ஒரு பூட்டு. கூடவே ஆயுள் உத்தரவாத அட்டை.

"யார் ஆயுசுக்கு மச்சான்? உங்க ஆயுசுக்கா, கம்போட ஆயுசுக்கா?" என்று கேட்டான் பெண்டாட்டியின் தம்பி. அவன் குழாய் ரிப்பேர்காரன். அவனும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போகிறவன்தான். அவனுடைய தூண்டில் எங்கேயோ கண்டெடுத்த கம்பு. அதில் கம்பைவிட ஒட்டுநாடாதான் அதிகம்.

"உனக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்றார் மாமா.

முதல் மாதம் நுனி வளையம் கழன்று ஆற்றில் போயிற்று. "தூண்டில் நரம்பை நான் வேகமா இழுத்துட்டேன்" என்றார். இரண்டாம் மாதம் கைப்பிடித் தக்கை பொரிபொரியாக உதிர ஆரம்பித்தது. "என் கையில சூடு ஜாஸ்தி. பிறந்ததிலிருந்தே அப்படித்தான்" என்றார். மழைக்காலத்தில் வார்னிஷ் பட்டை பட்டையாக உரிந்தது. அதற்கு அவர் மழைக்காலத்தையே மன்னித்துவிட்டு, தான் குடியிருக்கிற வீட்டு ஜன்னல் பார்க்கிற திசைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்.

ஒரு நாள் நாலு துண்டும் பிரியமாட்டேன் என்று இறுகிக்கொண்டது. கூடத்தில் ஒரு முனையை மாமா பிடிக்க, மறு முனையை நர்ஸம்மா பிடிக்க, இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே வந்தான்.

"அக்கா, ஜெயிச்சா என்ன பரிசு?"

"டேய், வாயை மூடிட்டு வந்து என் இடுப்பைப் புடிடா!"

மூன்று பேரும் இழுத்ததில் கம்பு பிரிந்தது. மாமா எதிர்ச் சுவரில் போய் மோத, அக்காவும் தம்பியும் சோபாவில் விழுந்தார்கள். சோபா கால் முறிந்தது. அது மட்டமான சோபா என்பதால் மாமா அதை வண்டை வண்டையாகத் திட்டினார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு மீன் பிடித்தாரா? அதுதானே இல்லை. இரண்டு வருஷம் முழுசாக, ஒரு மீன்கூட இல்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மீன் வந்து பொய் ஈயைக் கவ்வியது. விரல் நீளம் இருக்கும். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பைத் தூக்கினார். படக்! மூன்றாவது துண்டு நடுவில் முறிந்தது. மீன் பொய் ஈயோடும் பாதிக் கம்போடும் போய்விட்டது. பத்தடி தள்ளி நின்ற குழாய்க்காரன் கையில் அன்றைக்கு நாலு மீன்.

"மச்சான், கம்பு மட்டம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் மீன் நாலையும் உங்களுக்கே குடுத்துடறேன்."

மாமா சொல்லவில்லை. மறுநாள் பெண்டாட்டி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போய், மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கை நல்லாத்தானே இருக்கு. என்ன ஆச்சு?"

"கம்பு உடைஞ்சிடுச்சு டாக்டர்."

"அப்ப கம்புக்கு எடுத்திருக்கணும். நர்ஸம்மா, இவரைக் கூட்டிட்டுப் போங்க."

உத்தரவாத அட்டையின் பின்பக்கம் ஒரு படிவம் இருந்தது. உடைந்த முப்பது நாளுக்குள் அதை நிரப்பிக் கடையில் கொடுத்தால் புதுக் கம்பு. நாள் தப்பினால் ஒன்றும் இல்லை. இன்னொரு கம்பு வாங்க மாமாவிடம் வழி இல்லை. அந்தக் கம்பு முழுசாகத் திரும்பி வந்து, அதில் ஒரே ஒரு மீன் பிடித்தால் போதும் என்று அவர் மனசு கிடந்து தவித்தது. ராச்சோறுகூட இறங்கவில்லை. படிவத்தில் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். உடைந்தது எதனால்? அ: தயாரிப்பில் குறை. ஆ: உபயோகித்தவரின் தவறு. பேனாவை எடுப்பார், வைப்பார். இருபத்தொன்பது நாள் இப்படியே போயிற்று.

முப்பதாம் நாள் காலையில் நர்ஸம்மா பேனாவை அவர் விரலுக்குள் திணித்து, ஊசி போடுகிற மாதிரிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அ-வுல ஒரு டிக். பச்சைப் பிள்ளைகூடப் போடும். போடுங்க."

"அது பொய்யில்ல?"

"முப்பத்தொரு வருஷம் கண்ணாடியோட குடித்தனம் பண்ணின கை இது. ஒரு குழாய் உடைஞ்சிருக்கா? சொல்லுங்க, உடைஞ்சிருக்கா?"

"இல்ல."

"அப்ப தப்பு யார் மேல? கை மேலயா, கம்பு மேலயா?"

மாமா கையைப் பார்த்தார். முறிந்த கம்பைப் பார்த்தார். வெல்வெட் பையைப் பார்த்தார். பாவம், ஒரு பக்கம் ஹெட்மாஸ்டர் தூக்கிப் பிடித்த கை, மறு பக்கம் உசத்தி சாமான். நீங்களாக இருந்தால் எதைக் காப்பாற்றுவீர்கள்?

"கடைக்குப் போய்ப் போட்டுக்கறேன்" என்று கிளம்பிவிட்டார்.

கடையின் பின்பக்கத்தில் புகார் பிரிவு. நீளமான மேஜை, இரண்டு நாற்காலி, ஒன்றில்தான் ஆள். தூக்கமே பார்க்காத கண்ணோடு ஒரு குமாஸ்தா. வரிசையில் மாமாவுக்கு முன்னால் பல் டாக்டர் ஒருவர், லாரி டிரைவர் ஒருவர், இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லார் கையிலும் அதே தகரக் குழல்.

"வாங்கி ரெண்டே வாரம், வளையம் எல்லாம் கழண்டு விழுது!" என்று பல் டாக்டர் கத்தினார்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், நீங்களே இப்படிப் பேசலாமா? பல்லு விழுந்தா வாயையே மாத்திக் குடுன்னு யாராவது உங்ககிட்ட கேக்கறாங்களா?"

பல் டாக்டர் குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"எனக்குக் கைப்பிடி உளுத்துப்போச்சுங்க" என்றார் லாரி டிரைவர்.

"தண்ணில நனைச்சீங்களா?"

"மீன் புடிக்கிற கம்புங்க."

"அதுக்காக நனைக்கிறதா?"

லாரி டிரைவர் தலையைச் சொறிந்தார். தான் செய்தது தப்பு மாதிரித்தான் அவருக்கும் பட்டது. "மன்னிச்சுக்குங்க" என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டுக் குழலைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அப்புறம் ஒருத்தர், அப்புறம் ஒருத்தர். அரை மணியில் வரிசை காலி. குமாஸ்தா, மழை விட்ட வானத்தைப் பார்க்கிற மாதிரி மேஜையைப் பார்த்தார்.

"சார், நீங்க நல்லா இருக்கணும். அ-வுல டிக் போடுங்க. புதுக் கம்பு இப்பவே எடுத்துத் தர்றேன்."

மாமா பேனாவை எடுத்தார். ஆ-வில் டிக் போட்டார். போட்டதோடு விட்டாரா? கீழே இடம் இருந்ததே! 'என் கை சரியில்லாத கை. தங்கள் கம்பின் மேல் தப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். முறிந்த கம்பைத் திருப்பித் தந்துவிட்டார்கள். விதி அது. ஆனால் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் வெளியே வந்தார். படிவத்தை இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"சார், இப்ப எங்கயாவது வேலை பாக்கறீங்களா?"

வீட்டில் நர்ஸம்மா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கம்பு வந்துச்சா?"

"இல்ல. நாற்காலி வந்துச்சு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் புது மிக்ஸி லாரி மாதிரிச் சத்தம் போட்டபோது, 'போகப் போகப் பழகிடும்' என்று வீட்டில் எல்லாரையும் அடக்கினது யார்? விலையுயர்ந்த மெத்தையில் படுத்து முதுகு பிடித்துக்கொண்டபோது, மெத்தையை மாற்றாமல் டாக்டரை மாற்றினது யார்? பெயர் சொல்ல வேண்டாம். எனக்கு வேண்டியவர்கள் நிறையப் பேர் அந்த இனத்தில் இருக்கிறார்கள். இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களிலும் இருப்பார்கள்.

உசத்தி மாமா இப்போது அந்தக் கடையின் பின்பக்கம், புகார் பிரிவில், இரண்டாவது நாற்காலியில் இருக்கிறார். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை. ஞாயிறு விடுமுறை.