பிள்ளையாருக்குக் கீழே ஒரு ராடர்

கையேட்டைப் படிக்காமல் ஒரு சாமானைப் பூட்டுகிறவனை மன்னித்துவிடலாம். கையேட்டை முழுதாகப் படித்து, நன்றாக விளங்கி, அதில் ஒரு வரி மட்டும் தனக்காக எழுதப்படவில்லை என்று நினைக்கிறானே, அவன்தான் ஆபத்தானவன். அந்த இரண்டாவது ஆளுடன் நான் ஐம்பது வருடங்களுக்கு மேலாக ஒரே சட்டைக்குள் வாழ்ந்து வருகிறேன்.

எனக்கு ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தில், செயற்கைப் பல் கட்டும் கூடம் ஒன்றில் வேலை. பல் கட்டுவது நானல்ல. கட்டிய பற்களை என் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பல் வைத்தியர்களிடம் சேர்ப்பதுதான் என் பங்கு. இந்தப் பக்கத்தில் யாராவது புதுப் பல்லோடு சிரித்தால், அந்தச் சிரிப்பு ஒருமுறையாவது என் பின் சீற்றில் பயணம் செய்திருக்கும். வாயைத் திறந்தபடி ஒரு கிழவர் நாற்காலியில் காத்திருக்கிறார் என்ற நினைப்பு வந்தால் கால் தானாகவே அழுத்தும். தெருவோரக் கமரா தானாகவே படம் பிடிக்கும். என் கல்யாண அல்பத்தில் இருப்பதைவிட நல்ல படங்கள் அரசாங்கத்திடம் இருக்கின்றன.

கடைசியாக வந்த கடிதம் படத்தோடு நிற்கவில்லை. இன்னொரு தடவை இப்படிப் பிடிபட்டால் ஒரு மாதத்துக்கு லைசென்ஸ் இல்லை என்றது. முதலாளி அம்மாவிடம் பவ்வியமாகச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆகவே உண்மையைச் சொன்னார்: “ஓடாத சாரதியை வைத்து நான் என்ன செய்வது?”

மெதுவாக ஓடலாம் என்ற யோசனை எனக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. அதைவிட விஞ்ஞானபூர்வமான ஒன்று பின்னாலேயே வந்து அதைத் தள்ளிவிட்டது. அதுதான் ராடர் கண்டுபிடிப்பான். சிகரெட் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. முன்னால் பொலிசின் வேகமானி இருந்தால் சிவப்பாக எரிந்து ‘பீப்’ என்னும். இணையத்தில் வாங்கினேன். ‘இதை இயக்குவது உங்கள் நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கலாம்’ என்று கையேட்டில் ஒரு வரி இருந்தது. (இருமலுக்குக் குடிக்கிற பாணி மருந்துப் போத்தலிலும்தான் தூக்கம் வரலாம் என்று போட்டிருக்கிறது. எல்லோரும் தூங்குகிறார்களா?) ஜெர்மனியில் அது தடைசெய்யப்பட்டேதான் இருந்தது. விற்கிறவனுக்குத் தடையில்லை, பாவிக்கிறவனுக்குத்தான். இந்த நுட்பம் எனக்குப் பிற்பாடு நேரில் விளக்கப்பட்டது.

சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் வயர் தொங்கும். வயர் தொங்கினால் என் மனைவி சாந்தி கேள்வி கேட்பாள். நான் திருத்திய வாஷிங் மெஷின் ஒருநாள் தானாக நடந்து குளியலறை வாசல் வரை வந்ததிலிருந்து, வயர் உள்ள எதையும் நான் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எனவே வயர் வெளியே தெரியாமல் காரின் மின்னிணைப்பிலேயே நேராகப் பூட்டிவிடுவது என்று தீர்மானித்து, பான் நகரில் இருக்கும் குகன் அண்ணையைத் தொலைபேசியில் பிடித்தேன். கார் விஷயத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்பது அவரிடம்தான்.

“உது பெரிய வேலையே? சிவப்பு வயர் ஃபியூஸ் பெட்டிக்கு. கறுப்பு வயர் கார் பொடியில, தகரத்தில இருக்கிற ஏதாவது ஒரு நட்டுக்கு. சின்னப் பிள்ளையும் செய்யும்.”

“நீங்கள் பூட்டினனீங்களோ அண்ணை?”

“எனக்கு ஏன் உது? நான் ட்ராமில எல்லோ வேலைக்குப் போறன்.”

போனை வைக்குமுன் ஒன்று சொன்னார். “இஞ்ச, திறப்புப் போட்டுத் திருப்பினால் மட்டும் கரண்ட் வாற ஃபியூஸும் இருக்கு, எப்பவும் கரண்ட் இருக்கிற ஃபியூஸும் இருக்கு. பாத்து எடும்.”

பார்த்துத்தான் எடுத்தேன். சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். எப்போதும் கரண்ட் இருக்கிற கம்பி ஒன்று, எப்போதாவது இருக்கிற கம்பி ஒன்று என்று இரண்டைக் காட்டி எதை எடுக்கிறாய் என்றால், யாழ்ப்பாணத்தான் எவனும் இரண்டாவதைத் தொடமாட்டான். நானும் தொடவில்லை.

சாந்தி வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் பூட்டி முடித்தேன். கண்ணாடியோரத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கிளப்பக் கடையில் ஒரு விசேஷக் கருவி விற்கிறார்கள். நான் தோசை பிரட்டுகிற தட்டகப்பையைப் பாவித்தேன். மூடி திரும்பப் பொருந்தியது. தட்டகப்பைதான் பிறகு தோசைக்குப் பொருந்தவில்லை.

மிச்சமிருந்தது கருவியை மறைக்கிற வேலை. எங்கள் காரின் முன்தட்டில் சாந்தி வைத்த பிள்ளையார் ஒருவர் இருக்கிறார். காலடியில் மூஞ்சூறோடு, உள்ளங்கை அளவானவர். எந்த வேலையையும் பிள்ளையாரை வைத்துத் தொடங்குவது எங்கள் வழக்கம். நான் பிள்ளையாரை வைத்தே முடித்தேன். கருவியை முன்தட்டில் ஒட்டி, அதைச் சுற்றிச் சிவப்புச் சாட்டின் துணி சுற்றி, மேலே அவரை இருத்தி, உடனே பிடிக்கிற பசையால் ஒட்டினேன். மூஞ்சூறையும் அதே கருவியின் மேல் தனியாக ஒட்டினேன். பார்க்கிறவருக்கு அது பீடம். சாந்தி பார்த்தாள். “பரவாயில்லையே, பக்தி வந்திட்டுது” என்றாள்.

கருவிக்கு அரசாங்கக் கமராக்களில் ஆர்வம் இருக்கவில்லை. எங்கள் வீட்டுத் தெரு மூலையில் நிரந்தரமாக நிற்கிற கமராவைத் தாண்டும்போது ஒரு முனகல்கூட இல்லை. (அது தெருவுக்குள் புதைத்த கம்பியால் அளக்கிறதாம். ராடரே இல்லையாம்.) சூப்பர் மார்க்கெட்டுகளில்தான் அதற்கு உயிர். அவற்றின் தானியங்கிக் கதவுகளிலும் ஒரு சின்ன ராடர் இருக்கிறது. யாராவது வெங்காயம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் பிள்ளையார் சிவப்பாக ஒளிர்ந்து பீப் என்பார். நான் பிரேக் அடிப்பேன். சாந்தியிடம், “பார்க்கிங் சென்சர் பழுதாப் போச்சு” என்றேன். காரை நிறுத்தித் திறப்பை எடுத்த பிறகும் அவர் ஒளிர்ந்துகொண்டிருந்ததை நான் கவனித்தேன். தரமான சாமான் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை சாந்தியின் தமக்கை கனடாவிலிருந்து வந்தார். கொலோனில் ஒரு கல்யாணம். விமான நிலையத்திலிருந்து அவரை அழைத்துவந்தது நான் மட்டும். வழியில் பிள்ளையார் மூன்று சூப்பர் மார்க்கெட்டுகளை அறிவித்துவிட்டார்.

“என்ன தம்பி உது?”

சென்சர் என்றால் சென்சரைப் பற்றிக் கேட்பார். அவருடைய மகன் இன்ஜினியர். “புது மாதிரிப் பிள்ளையார், அக்கா. முன்னுக்குப் பொலிஸ் நிண்டா சொல்லுவார்.”

அக்கா குனிந்து பிள்ளையாரைப் பார்த்தார். “எங்கட பக்கம் இன்னும் வரேல்லை” என்றார். அதன்பிறகு ஒவ்வொரு பீப்புக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கல்யாணத்தன்று சாந்தி முன்னால், அக்கா பின்னால், அக்காவின் மடியில் பலகாரத் தட்டு. நகரத்தைத் தாண்டிப் போகும் நீண்ட தெருவில் இருபுறமும் கடைகள். பீப், பிரேக். பீப், பிரேக். பயிற்றம் பணியாரம் ஒன்று உருண்டு என் தோள்வரை வந்தது. வேகத்துக்கு என்னை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்தும்போது திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். பின்னால் வந்த பொலிஸ் காரும் அதையேதான் பார்த்திருக்கிறது. முந்திவந்து, பின்தொடருமாறு எழுத்தொளிரக் காட்டி, எங்களை ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குள் அழைத்துப்போனது.

அது ஒரு சூப்பர் மார்க்கெட்டின் தரிப்பிடம்.

இளம் பொலிஸ்காரர் குனிந்து பார்த்தார். “மது அருந்தியிருக்கிறீர்களா?”

“இல்லை.”

“பச்சை விளக்கில் ஏன் பிரேக் போடுகிறீர்கள்? எஞ்சினை நிறுத்துங்கள்.”

நிறுத்தினேன். ரேடியோ நின்றது. காற்றாடி நின்றது. கார் முழுவதும் அமைதியானது. கடைக் கதவு திறந்து ஒரு அம்மா தள்ளுவண்டியோடு வெளியே வந்தார்.

பீப்.

“அது என்ன?” என்றார் பொலிஸ்காரர்.

“பார்க்கிங் சென்சர். பழுது,” என்றாள் சாந்தி, நல்ல ஜெர்மனில், முழு நம்பிக்கையோடு.

“எஞ்சின் நின்றுவிட்டதே?”

பீப். இந்த முறை ஒரு குடும்பம்.

பின்னாலிருந்து அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பொலிஸ்காரரின் பார்வை அவரிடம் போனது. “என்னவாம் கேக்கிறார்?” என்றார் அக்கா. நான் பதில் சொல்வதற்குள், அக்காவுக்கு ஆங்கிலம் வரும் என்பதும், பொலிஸ்காரருக்கும் அது நன்றாகவே வரும் என்பதும் தெரியவந்தது. கனடா ஆங்கிலத்தில், அன்போடு, நிறுத்தி நிதானமாக அக்கா விளக்கினார். இவர் எங்கள் கடவுள். தடைகளை அகற்றுகிறவர். முன்னால் பொலிஸ் நின்றால் எங்கள் தம்பிக்குச் சொல்லிவிடுவார். மிகவும் நல்லவர்.

பொலிஸ்காரர் இரண்டு கையையும் கார்க் கதவில் வைத்து நிலத்தைப் பார்த்தார். தோள்கள் கொஞ்சம் அசைந்தன. பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார். “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? சென்சரா, கடவுளா?”

இரண்டுமே நான் சொன்னவைதான். ஒன்றைத் தேர்ந்தால் மற்றவரிடம் பொய் சொன்னவன் ஆவேன். சாட்டின் துணியை நானே அவிழ்த்தேன்.

“லைசென்ஸ் போகுமா?” என்றேன். குரல் எங்கோ பின் சீற்றிலிருந்து வருவதுபோல இருந்தது. ஒரு மாதம் ஓடாத சாரதி, முதலாளி அம்மாவின் நேர்மையான முகம், சாந்தி. இந்த வரிசையில் பயந்தேன். சாந்தியை முதலில் வைத்திருக்க வேண்டும்.

“அபராதம் வரும். ஒரு தண்டனைப் புள்ளி ஏறும். லைசென்ஸ் போகாது. கருவியை நாங்கள் எடுத்துப்போய் அழித்துவிடுவோம்,” என்றவர், “தயவுசெய்து அதைக் கழற்றுங்கள்” என்றார்.

அழிப்பது என்ற சொல் மட்டும் அக்காவுக்கு எப்படியோ விளங்கிவிட்டது.

“ஐயோ தம்பி, பிள்ளையாரையோ? விடாதேங்கோ!”

நான் இழுத்தேன். பிள்ளையார் அசையவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒட்டியவற்றில் நின்று பிடித்தது அது ஒன்றுதான். பொலிஸ்காரர் இழுத்தார். முன்தட்டு முனகியது. அக்கா பலகாரத் தட்டை ஜன்னலால் நீட்டி, “சாப்பிட்டிட்டுச் செய்யட்டும்” என்றார். ராடரும் லஞ்சமும் ஒரே நாளில் வேண்டாம் என்று நான் தட்டைப் பின்னுக்குத் தள்ளினேன். கடைசியில் பொலிஸ்காரர் தன் காரிலிருந்து ஒரு தட்டையான கத்தியைக் கொண்டுவந்து, பல் வைத்தியர் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையாரை மெதுவாகக் கிளப்பிச் சாந்தியின் கையில் கொடுத்தார். மூஞ்சூறு மட்டும் கருவியை விட்டு வரவில்லை. கத்தியும் முயன்று பார்த்தது. கடைசியில் எலி ஏறியிருந்தபடியே கருவியை முன்தட்டிலிருந்து பெயர்த்து வயரைக் கழற்றினார்.

“மன்னிக்கவும், எலி எங்களோடு வரவேண்டும்,” என்றார்.

கடைக் கதவு மறுபடி திறந்தது. அவர் கையிலிருந்த கருவி மௌனமாக இருந்தது. வயர் என்னிடம் இருந்தது. எப்போதும் கரண்ட் இருக்கிற வயர்.

சாந்தி கொலோன் வரை பிள்ளையாரின் அடியில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டு வந்தாள். மண்டப வாசலில், பிள்ளையாரைக் கைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “வாஷிங் மெஷினைப் பற்றிக் கேட்டதுக்கு என்ன சொன்னனீங்கள்? இனி தொடமாட்டன் எண்டு.”

“ஓம்.”

“உதைத்தான் தொடாம விட்டனீங்களோ?”

மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்தார்கள், நான் பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு உள்ளே போனேன்.

லைசென்ஸ் இன்றும் என் சட்டைப் பையில் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. முதலாளி அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு பல்லை எடுத்து மேசையில் வைத்து, பீப் என்றார். அக்கா ரொறொன்றோவிலிருந்து தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் என் சுகத்துக்கு முன்னால் எலியை விட்டார்களா என்றுதான் விசாரிக்கிறார்.

பிள்ளையார் பழைய இடத்திலேயே, வெறும் முன்தட்டில் இருக்கிறார். நான் மறந்துபோய்க் கொஞ்சம் அழுத்தினால் சாந்தி என்னைப் பார்ப்பதில்லை. காலடியில் மூஞ்சூறு இருந்த வெறும் இடத்தை விரலால் காட்டுவாள்.

“அவரே நடந்துதான் வாறார். உங்களுக்கு என்னப்பா அவசரம்?”