சிவப்பு பல்பை மாற்றியவன் எழுதுவது

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

இங்கு நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் மகளுக்கு யோசனை சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு என்ன கேடு?

"உசிரில்லாததை அசைய வைக்கிறா, போய்ப் பாருங்க" என்று நீங்கள் உருகியதால் உங்கள் மருமகளின், அதாவது என் மகளின், ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். இயற்கையில் இல்லாத புரதம் ஒன்றை இவர்களே உண்டாக்கி, நகத்துண்டு அளவு ஜெல்லியில் வைத்து, அதன்மேல் நீல வெளிச்சம் அடித்தால் அது வளையுமாம். எப்படி வளைகிறது என்று படம் எடுத்து ஆராய்ச்சியாம். வெயிலில் போட்ட இலைகூடத்தான் வளைகிறது, அதற்கு யார் பட்டம் கொடுத்தார்கள்? நீல வெளிச்சம் அடிக்கும்வரை அதன்மேல் வேறு வெளிச்சம் படக்கூடாதென்று, ஒரே ஒரு மங்கல் சிவப்பு பல்பின் கீழ் படித்த கூட்டம் முழுவதும் முட்டிமோதித் திரிகிறது. மின்சார அலுவலகத்தில் காலம் தள்ளிய நான் இதைப் பொறுப்பேனா? என்னை உட்கார வைத்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில், பல்பு வாங்க வக்கில்லாத இடம் போலிருக்கிறது என்று கடைக்குப் போய் நல்ல வெள்ளை பல்பு வாங்கி வந்து, ஸ்டூலில் ஏறி மாட்டினேன். அறை பளிச்சென்றது. தட்டிலிருந்த துண்டுகள் அத்தனையும் சுருண்டன. ஒருமுறை சுருண்டால் நிமிராத ரகமாம்.

மகள் வந்து பார்த்து அழுதாள். "நாளைக்கு எங்க ஆராய்ச்சியைப் பார்க்கக் குழு வருதுப்பா. அசையறதைக் காட்டலைன்னா என் வேலையே போயிடும். மூடி வெச்ச ஒண்ணே ஒண்ணையும் காணோம்!" வைத்த பொருள் வைத்த இடம் தெரியாதவர்கள் புரதம் படைக்கிறார்கள், மச்சான்!

மேலதிகாரியம்மா, "இவர் யாரு?" என்றார். "லைட் போட வந்தவரு" என்றாள். நான் பெற்ற மகள்!

பசி வேறு. மேசைமேல் அலுமினியத் தாள் சுற்றிய பொட்டலம் ஒன்றை, எனக்கு வைத்த சாப்பாடென்று முன்பே பையில் போட்டிருந்தேன். வீட்டில் தொட்டுப் பார்த்தால் கல்லு மாதிரி இருக்கிறது. பிரிக்கவும் மனம் வரவில்லை. அப்பனுக்குச் சோறு கட்டும் லட்சணம் இது.

ஆகவே, வெளிச்சத்தில் செய்கிற வேலையாகப் பார்க்கும்படி நீங்களே அவளுக்குச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் தங்கைக்கு உங்கள்மேல் பாசம் குறையவில்லை. அதற்கு நான் பொறுப்பல்ல.

இப்படிக்கு,
லைட் போட வந்தவன்

பி.கு.: மேலே உள்ளதைக் கிழித்துப் போடவும். உங்கள் தங்கை என் பையைத் துழாவி, "இதைத்தானே அவ தேடுறா?" என்றாள். சோறில்லையாம், தட்டோடு மூடி வைத்த அந்த ஒற்றைத் துண்டாம். பொட்டலத்தோடு காலையில் ஓடினேன். குழுவின் முன்னால் மகள் நீல விளக்கின் சுவிட்சை என் கையில் கொடுத்து, "நீங்களே போடுங்கப்பா" என்றாள். போட்டேன். துண்டு மெதுவாக என் பக்கம் குனிந்தது. ஆயுசெல்லாம் ஊருக்கு வெளிச்சம் கொடுத்தேன், ஒருத்தன் குனிந்ததில்லை. அவள் வேலை தப்பியது. குழுவில் ஒருவர், "இவர் யாரு?" என்று கேட்டார்.

"எங்கப்பா" என்றாள்.