பதினான்காம் வளைவில் மூன்று கோடு

ஏற்காட்டு மலையில் செல்போன் சிக்னல் எங்கே இருக்கிறது என்று இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் சேர்வராயன் சாமி. அவர் வாய் திறக்க மாட்டார். இன்னொருவர் டவர் அண்ணன். அவர் வாயை மூட மாட்டார்.

அண்ணன் ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு ஷேர் ஜீப் ஓட்டினார். டேஷ்போர்டில் ஒரு பழைய செல். அதிலிருந்துதான் பயணிகள் அத்தனை பேருக்கும் நெட். பின்கண்ணாடியில் 'ஓடும் வண்டியில் இண்டர்நெட்' என்று சிவப்பெழுத்து. உண்மையில் வண்டி ஓடினால் இண்டர்நெட் நின்றுவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதெதில் சிக்னல் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். அங்கெல்லாம் ஜீப் நிற்கும். பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். இவரோடு போனால் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகவேண்டும். நான் விடாமல் இவரோடுதான் போனேன். நாலு புத்தகம் படித்தவனுக்குப் புத்தி அவ்வளவுதான்.

செல் கம்பெனியோடு அண்ணனுக்கு நான்கு மாத யுத்தம். சிக்னல் உள்ள வளைவில் நின்றுதான் அந்த டேஷ்போர்டு செல்லிலிருந்து கஸ்டமர் கேரைக் கூப்பிட முடியும்.

"ஏனுங்க அம்மிணி, சிக்னலே வரமாட்டேங்குதுங்க."

"இப்ப நல்லாத்தானே கேக்குது சார்?"

"இங்க கேக்குதுங்க. அதனாலதான இங்க நின்னு பேசறேன்!"

அதற்குள் பின்னால் ஹாரன். ஜீப் நகரும், லைன் அறுந்துவிடும். அடுத்த வளைவில் வேறொரு அம்மிணியிடம் முதலிலிருந்து ஆரம்பிப்பார். கடைசியில் ஒருத்தி மனமிரங்கினாள். "வெள்ளிக்கிழமை காலைல எங்க இன்ஜினியரே இதே நம்பருக்குக் கூப்பிடுவார். எடுக்கலைன்னா புகாரை முடிச்சிருவோம்."

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

அன்றுதான் கிளியூர் ஸ்டெல்லா ஜீப்பில் ஏறினாள். நர்ஸுக்குப் படித்தவள். பத்து மணிக்கு வீடியோவில் இண்டர்வியூ. மழையில் கரண்ட் போய், ஊரில் எந்தக் கம்பெனிக்கும் சிக்னல் இல்லை. போன இண்டர்வியூ பாதியில் அறுந்து ஒரு வேலை ஏற்கெனவே போயிருந்தது. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண் கலங்கினாள்.

"அழுவாத கண்ணு. பதினாலாவது வளைவுல சிக்னல் மூணு கோடு நிக்கும்."

நின்றது. அண்ணன் ஜீப்பை ஓரங்கட்டினார்.

"எல்லாரும் எறங்குங்க! செல்லை ஆஃப் பண்ணுங்க! நெட்டு பூராவும் புள்ளைக்குப் போவோணும்."

"அப்படியெல்லாம் பங்கு போகாதுங்க" என்று நான் விஞ்ஞானம் பேசினேன்.

"மொதல்ல நீங்க எறங்குங்க. நீங்கதான் நொம்ப இழுக்கறீங்க."

அணைத்த செல்லைப் பிடித்துக்கொண்டு ஏழு பேர் தூறலில் வரிசையாக நின்றோம். ஹாரன் அடித்த டூரிஸ்ட் பஸ்ஸைப் பார்த்து அண்ணன் உதட்டில் விரல் வைத்தார். பஸ்ஸும் அடங்கிப் போனது.

ஸ்டெல்லா பேச ஆரம்பித்தாள். டேஷ்போர்டு செல் அதிர்ந்தது. இன்ஜினியர்! எடுத்தால் நெட் அறுந்துவிடும். அண்ணன் ஜன்னல் வழியே கையை நீட்டி கட் செய்தார். மறுபடி அதிர்ந்தது. கட். மூன்றாம் முறை விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு அதையும் கட் செய்துவிட்டு, சட்டையின் ஈரத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

இருபது நிமிடம் கழித்து ஸ்டெல்லா தலையை நீட்டினாள். "வேலை கெடச்சிருச்சுங்கண்ணா!"

அதே நேரம் அண்ணனுக்கு ஒரு மெசேஜ் வந்தது: 'தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.' இரண்டு தடவை படித்தார்.

"மொதத் தடவையா உண்மையச் சொல்லியிருக்கானுங்க."

டவர் அண்ணன் இப்போது ஜீப் ஓட்டுவதில்லை. சிக்னல் பங்கு போகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பஸ் பதினான்காம் வளைவில் திரும்பும்போது செல்லை அணைத்துவிடுகிறேன். அங்கே யாராவது பேசிக்கொண்டிருக்கலாம்.