கடைசியண்ணன் கொடுத்த விருது

தமிழ்நாட்டிலேயே பொய் சொல்லத் தெரியாத சினிமா விளம்பரக்காரர் ஒருவர்தான் இருந்தார். அவரும் தினமும் ஒரே ஒரு பொய் சொன்னார்: 'இன்றே கடைசி.' படம் வந்த முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார். படம் பாட்டுக்கு வாரக்கணக்கில் ஓடும். அதனால் ஊருக்கே அவர் கடைசியண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம்.

குமாரபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தறி ஊர். பெயர் வேண்டாம், என் மாமியார் வீட்டார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் ஆத்தூரிலிருந்து நான் அங்கே வாக்கப்பட்டுப் போனேன். போன மறுநாளே வாசலில் ஓர் ஆண்குரல், "ஏனுங்க அக்கா, சாயங்காலம் சும்மாதான இருக்கறீங்க, வாங்க போலாம்" என்றது. எங்கள் பக்கம் இப்படி ஒருத்தன் கூப்பிட்டால் விளக்குமாறுதான் பதில் சொல்லும். அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஒரு மாட்டு வண்டி, இரண்டு பக்கமும் சினிமாத் தட்டி, மேலே புனல் ஸ்பீக்கர், நடுவில் மைக்கும் கையுமாகக் கடைசியண்ணன். என் கையைப் பார்த்தவர் மைக்கிலேயே, "புதுப்பொண்ணு வாசக் கூட்டுதுங்க, வண்டிய ஓரமா ஓட்டப்பா" என்றார். தெருவே சிரித்தது. எனக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துவிட்டது.

படத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்வார். சுமாரான படம் என்றால் இடைவேளைக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கலாம், முறுக்கு மட்டும் நன்றாக இருக்கும் என்று அறிவிப்பார். சினிமாக் கொட்டாய் முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அண்ணன் நல்ல படம் என்று சொல்லிவிட்டால், மணலில் உட்கார இடம் கிடைக்காது. அதற்காகவே முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு அவரை வைத்திருந்தார்.

ஒரு வருஷம், சினிமாவுக்கு டில்லியில் விருது கொடுத்த சேதி பேப்பரில் வந்தது. அண்ணனுக்குப் பிடித்த படம் ஒன்றுகூட அதில் இல்லை. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த விருது நடுவர்கள் நம்ம கொட்டாய் மணலில் உட்கார்ந்து ஒரு படமாவது பார்த்திருப்பார்களா என்று டீக்கடையில் பார்த்தவரையெல்லாம் கேட்டார். கடைசியில் பொங்கலன்று தானே விருது அறிவித்துவிட்டார். பிலிம் டப்பா மூடியில் பெயிண்டால் எழுதியதுதான் விருது. குண்டடி பட்ட பிறகு ஒரு பாட்டும் பாடி, தங்கைக்கு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டு உயிரை விட்ட கதாநாயகனுக்குச் சிறந்த சாவு விருது. அதே படத்தில் அதையெல்லாம் பொறுமையாக நின்று பார்த்த குதிரைக்குச் சிறந்த துணை நடிகர்.

அதோடு விட்டிருக்கலாம். சிறந்த நடிகர் விருதை எங்கள் ஊர் பஞ்சாயத்து பிரசிடெண்டுக்குக் கொடுத்தார். தேர்தல் சமயத்தில் எங்கள் தெருக் குழாயைக் கட்டிப்பிடித்து, தாய்மார்களுக்குத் தண்ணீர் இல்லையே என்று குலுங்கிக் குலுங்கி அழுதவர் அவர். ஜெயித்த பிறகு குழாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூடியை ஆள் வைத்து அவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார் அண்ணன்.

டீக்கடையில் எதிர்க்கட்சிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்க, பிரசிடெண்டு முதலாளியைக் கூப்பிட்டு அனுப்பினார். இன்று சாயங்காலம் மைக்கில் மன்னிப்புக் கேள், இல்லையென்றால் மைக்கை வைத்துவிட்டுப் போய்விடு என்று முதலாளி முடித்துவிட்டார். அண்ணனுக்கு மைக்கை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. என் வீட்டுக்காரர் நம்ம தறிக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டார். "அந்தச் சத்தத்துல நான் பேசறது எனக்கே கேக்காதுங்களே" என்றார் அண்ணன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. "படம் நாளைக்கும் உண்டுங்க. எனக்குத்தான் இன்றே கடைசி" என்றார். வழக்கமான கடைசி என்று முதலில் சிரித்தோம். அப்புறம்தான் உறைத்தது. ஒவ்வொரு வீடாகத் தறியை நிறுத்தினார்கள். பிரசிடெண்டும் எங்கள் தெருவுக்கே வந்து, மன்னிப்பை வாங்கிக்கொள்ளத் துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"பிரசிடெண்டய்யாவுக்கு நடிகர் விருது குடுத்தது தப்புங்க. நல்ல நடிகன் அழுதாக் கண்ணுல தண்ணி வரோணும். அய்யா அழுதப்ப ஒரு சொட்டு வரலீங்க, எங்க தெருக் கொழாயாட்ட. அதனால மன்னிப்புக் கேட்டுக்கிட்டு விருதத் திருப்பி வாங்கிக்கறோமுங்க."

சாமி சத்தியமாக, அடுத்து அடி விழும் என்றுதான் நினைத்தேன். பிரசிடெண்டு முகம் சிவந்து, வண்டியருகே வந்து, மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் மைக் போட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ஏப்பா, குடுத்ததத் திருப்பிக் கேக்கறது நாயமா? ஊட்டுல மாட்டிட்டேன். சம்பந்தி ஊட்டுக்காரங்கெல்லாம் பாத்துட்டாங்க."

"கொழாயில தண்ணி வரட்டுங்க, நீங்களே வெச்சுக்கங்க" என்றார் அண்ணன்.

தெரு சிரித்த சிரிப்பில் பிரசிடெண்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரும் வந்தது, காலையில் கொஞ்ச நேரம், கலங்கலாக. மூடி அவர் வீட்டுச் சுவரிலேயே இருந்தது. மறுநாள் அதே வண்டி, அதே மைக், அதே இன்றே கடைசி. குடத்தோடு குழாயடியில் நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். போன மாதம் ஊரிலிருந்து வந்த கொழுந்தனார், கடைசியண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார். அவரே மைக் வைத்து எத்தனையோ தடவை கடைசி என்று சொல்லி, நாங்கள் நம்பியதில்லை. இவர் மைக்கும் இல்லாமல் சொல்கிறார், நான் நம்பிவிடுவேனா?